பன்னிரண்டு நாற்பது முதல் ஒரு மணி வரை

டிப்போவில் அவளுக்கு ஏர்ஹாரன் என்று பெயர். பத்தொன்பது வருடமாக பஸ் ஓட்டுகிறவள். ஜன்னல் வழியாக ஒரு குரல் கொடுத்தால் முன்னால் போகிற லாரி தானாக ஒதுங்கும் என்பார்கள். அந்தக் குரல்தான் முதலில் போனது. காலையில் தொண்டை கரகரத்தது, ஏப்பம் விட்டால் புளிப்பு நாக்கு வரை வந்தது. வண்டிப் புகை என்று சொல்லிக்கொண்டாள். நெஞ்சு எரிந்தபோது வெயில் என்றாள். சாக்குக் கண்டுபிடிப்பதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது.

உண்மையான காரணம் கண்ணெதிரே இருந்தது. விடிந்ததும் வெறும் வயிற்றில் ஒரு காபி, கூடவே முதுகுவலிக்கு ஒரு மாத்திரை. மருந்துக் கடைக்காரர் என்றைக்கோ ஒரு வாரத்துக்குக் கொடுத்தது. அதை யாரையும் கேட்காமல் நாலு வருடம் விழுங்கினாள். நடுவில் மூன்று காபி. வண்டியை டிப்போவில் விட்டு, வீடு வந்து, மூன்றரை மணிக்குப் பசியில் அள்ளிக் கொட்டிக்கொண்டு அப்படியே கட்டிலில் சாய்வாள்.

மதியம் சாப்பிட நேரமே இல்லையா என்றால், இருந்தது. காகிதத்தில் இருந்தது. அன்றைய ஓட்டத்தைக் குறிக்கும் டிரிப் ஷீட்டில், எல்லா டிரைவருக்கும் ஒரே மாதிரி 'ஓய்வு 12.40 – 1.00' என்று டைம்கீப்பர் காலையிலேயே எழுதி வைத்துவிடுவார். டிரைவர்களும் வண்டி எடுக்கும் முன்பே அதற்குக் கையெழுத்துப் போட்டுவிடுவார்கள். ஆனால் ஒருவரும் ஓய்வு எடுக்க மாட்டார்கள். கடைசி ஸ்டாப்பில் வண்டியைத் திருப்பி உடனே கிளம்பினால் மூன்று இருபதுக்குப் பதில் மூன்று மணிக்கே வீட்டுக்குப் போகலாம். அந்த ரூட்டில் ஓடிய பதினோரு வண்டியும் இந்தக் கணக்கில்தான் ஓடின. அங்கே வண்டி திரும்புகிற இடம் குறுகல். ஒரு வண்டி நின்றால் பின்னால் வருவதும் நிற்க வேண்டியதுதான். அதனால் யாரும் நிற்பதில்லை.

ஒரு நாள் காலை பதினொரு மணிக்கு, நாற்பது பேரை ஏற்றிக்கொண்டு போகும்போது, நெஞ்சுக்குள் அடுப்பு மூட்டியது போல எரிந்தது. கை வியர்த்து ஸ்டியரிங் வழுக்கியது. எப்படியோ வண்டியை ஓரம் கட்டிவிட்டாள். அவளுடைய கண்டக்டர், யாருக்கும் பாக்கி கொடுக்காததால் சில்லறை என்று பெயர் வாங்கியவன், ஒரு காரை மறித்து அவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். போகிற வழியெல்லாம் மாரடைப்பு என்று அவனே அழுதுகொண்டு வந்தான்.

இதயம் கல்லு மாதிரி இருந்தது. வாய் வழியாகக் குழாய் விட்டுப் பார்த்த டாக்டரம்மா, இரைப்பையின் உள்பக்கம் சிவந்து புண்ணாகியிருக்கிறது என்றார். அமிலம் மேலேறி உணவுக்குழாயையும் தொண்டையையும் அரித்திருந்தது. வலி மாத்திரை அன்றோடு நின்றது. முதுகுக்கு உடற்பயிற்சி. காலையில் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்பு ஒரு மாத்திரை, எட்டு வாரம். காபிக்கு விடுமுறை. கொஞ்சமாக, நேரத்துக்கு, மென்று சாப்பிட வேண்டும். படுப்பதற்கு மூன்று மணி நேரம் முன்பே சாப்பாட்டை முடிக்க வேண்டும். கட்டிலின் தலைப்பக்கம் உயர்ந்திருக்க வேண்டும்.

"நாலு வருஷமா வளர்த்தது. நாலு நாள்ல போகாது," என்றார் டாக்டரம்மா.

அவள் கணவர் வெல்டர். அன்றைக்கே கட்டிலின் தலைப்பக்கக் கால்களுக்கு அடியில் இரண்டிரண்டு செங்கல் வைத்தார். மறுநாள் காலையில் கால்மாட்டில் சுருண்டு கிடந்தார். "மேட்டுல நிறுத்தின பஸ்ல தூங்கின மாதிரி இருக்கு," என்றார். முனகிக்கொண்டே அவரும் ஏழு மணிக்குச் சாப்பிடப் பழகினார்.

மூன்றாவது வாரம் எரிச்சல் அடங்கியது. உடனே அவளுக்குத் தலைக்கனம் வந்துவிட்டது. மாத்திரையை நிறுத்தினாள், ஒரு காபி குடித்தாள், மறுநாள் இரண்டு. நாலாம் நாள் வயிறு வட்டியும் முதலுமாகத் திருப்பிக் கொடுத்தது. பள்ளிக்கூடம் விட்ட பிறகு அவளை யாரும் அப்படித் திட்டியதில்லை, டாக்டரம்மா திட்டினார். அதற்கப்புறம் அவள் மாத்திரையைத் தவறவிடவில்லை.

வேலைக்குத் தகுதி என்ற சான்றிதழோடு டிப்போவுக்குப் போனாள். நேரத்துக்கு உணவு அவசியம் என்று அதில் எழுதியிருந்தது. பாதி வழியில் வண்டியை நிறுத்தியவரை நம்பி எப்படி பஸ் கொடுப்பது என்று இழுத்த மேனேஜர், வண்டி கழுவும் இடத்தில் டோக்கன் கொடுக்கும் வேலை காலியாக இருக்கிறது என்றார். பொம்பளைக்கு எதற்கு இவ்வளவு பெரிய வண்டி என்று கேட்டவர்களை எல்லாம் ஓட்டியே வாயடைக்க வைத்தவள் அவள். வேலை நேரத்தில் சாப்பிட முடியாமல்தான் வயிறு கெட்டது என்றாள்.

மேனேஜர் பழைய டிரிப் ஷீட்டுகளை எடுத்து மேஜையில் பரப்பினார். "தினம் இருபது நிமிஷம் ஓய்வு எடுத்திருக்கீங்க. எல்லாத்துலயும் உங்க கையெழுத்து இருக்கு. அப்புறம் வேலையால கெட்டுச்சுன்னா எப்படி?"

சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அது இதுதான். பத்தொன்பது வருடமாக ஒவ்வொரு நாளும் அவளே எழுதிக் கொடுத்த பொய். வெட்கத்தோடு ஷீட்டுகளை அடுக்கித் திருப்பிக் கொடுத்தாள். மேனேஜர் பெரிய மனது பண்ணினார். ஒரு மாதம் ஓட்டட்டும், அதற்குள் ஒரு புகார் வந்தாலும் டோக்கன் வேலைதான்.

வீட்டுக்கு நடந்து போகையில் வெட்கம் கோபமாக மாறியது. ஷீட்டில் என்ன எழுதியிருக்கிறதோ அதையே செய்வது என்று முடிவு கட்டினாள்.

மறுநாள் பன்னிரண்டு நாற்பதுக்குக் கடைசி ஸ்டாப்பில் எஞ்சினை அணைத்தாள். டப்பாவைத் திறந்தாள். குழைந்த சோறு, வேகவைத்த காய், ஒரு வாழைப்பழம். பின்னால் ஒரு ஹாரன், அப்புறம் இரண்டு, அப்புறம் கல்யாண ஊர்வலம் போல வரிசையாக. சில்லறை ஓடி வந்தான். அவன் மகளுக்கு மூன்று மணிக்குப் பள்ளி விடும், அவன்தான் அழைத்துப் போக வேண்டும். அஞ்சு நிமிஷத்துல விழுங்கிட்டு எடுங்கக்கா என்று கெஞ்சினான்.

அவளுக்குப் பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் அசையவில்லை. "விழுங்கி விழுங்கித்தான்டா இங்க வந்து நிக்கறேன்," என்றாள்.

பக்கத்து வீட்டு அம்மா குழந்தையை அழைத்து வர ஏற்பாடானது. சில்லறை அவளோடு பேசுவதை நிறுத்தினான். மற்ற டிரைவர்கள் டிப்போவில் அவளைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். ஊரோடு ஒத்து வாழணும் என்று ஒருவர் அறிவுரை சொன்னார். ஊரோடு ஒத்துத்தான் இந்த வயிறு வந்தது என்று பதில் சொன்னாள்.

ஒன்பதாவது நாள் புகார் வந்தது. நேற்றுகூட பன்னிரண்டு நாற்பதிலிருந்து ஒரு மணி வரை தேவையில்லாமல் வண்டியை நிறுத்தினார், எங்களுக்கெல்லாம் தாமதமாகிறது என்று ஆறு டிரைவர்களின் கையெழுத்து. மேனேஜர் கூப்பிட்டார். நேற்றைய டிரிப் ஷீட்டுகளையும் பக்கத்தில் வைக்கச் சொன்னாள். குரல் இன்னும் கம்மித்தான் இருந்தது. அதனால் மெதுவாகப் பேசினாள்.

"நேத்து பன்னிரண்டு நாப்பதுலேருந்து ஒரு மணி வரைக்கும் வண்டி நின்னுச்சுன்னு புகார். ஷீட்டும் அதையேதான் சொல்லுது. நான் என்ன தப்புப் பண்ணேன்?"

"அவங்களுக்கு லேட்டாகுதே."

"அந்த ஆறு பேரும் அதே நேரத்துல ஓய்வுல இருந்ததா கையெழுத்துப் போட்டிருக்காங்க சார். ஓய்வுல இருக்கறவங்களுக்கு என்னால எப்படி லேட்டாகும்? கீழ உங்க கையெழுத்தும் இருக்கு."

மேனேஜர் புகாரைப் பார்த்தார், ஷீட்டுகளைப் பார்த்தார். புகார் உண்மையென்றால் ஏழு பேர் பொய் எழுதியிருக்கிறார்கள், அதில் அவரும் ஒருவர். பத்து நிமிடத்தில் முடித்துக்கொள்ள முடியுமா என்று கேட்டார். முடியாது என்றாள். கோப்பை மூடிவிட்டார். மாதம் முடிந்தது, வண்டி அவளிடமே இருந்தது.

யாரும் மாலை போடவில்லை. ஹாரனும் நிற்கவில்லை. அவளும் காலையில் அந்தக் கட்டத்தில் கையெழுத்துப் போடுவதை நிறுத்திவிட்டாள். சாப்பிட்டு முடித்துத்தான் போடுவேன் என்று டைம்கீப்பரிடம் சொன்னாள், அவர் முறைத்தார், முறைக்கட்டும் என்று விட்டுவிட்டாள். மாத்திரை முடிந்தும் நெஞ்சு எரியவில்லை. முதுகுக்குத் தினமும் தரையில் படுத்துக் காலை மடக்கி நீட்டினாள். காபி, வாரத்துக்கு ஒன்று, சாப்பாட்டுக்குப் பிறகு.

அன்றைக்கு மணி பன்னிரண்டு ஐம்பத்தாறு. கடைசி இரண்டு வாய் மிச்சம். புகாரில் முதல் கையெழுத்துப் போட்டவரின் வண்டி பின்னால் வந்து நின்று ஹாரனை அமுக்கிப் பிடித்தது. அவள் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினாள்.

"இன்னும் நாலு நிமிஷம் இருக்கு!"

மூன்றாவது வண்டி வரைக்கும் கேட்டது. அவளே திடுக்கிட்டாள். ஹாரன் நின்றது. கொஞ்ச நேரம் கழித்துப் பின்னால் எஞ்சினும் அணைந்தது.

"அக்கா, குரல் வந்துடுச்சு," என்றான் சில்லறை. ஒரு மாதத்துக்கு மேல் கழித்து அவன் பேசிய முதல் பேச்சு.

வாயில் இருந்ததை அவசரமில்லாமல் மென்று முடித்தாள். கையைத் துடைத்துக்கொண்டாள். சரியாக ஒரு மணிக்கு ஷீட்டை மடியில் வைத்து, ஓய்வு எடுத்ததாகக் கையெழுத்துப் போட்டுவிட்டு வண்டியை எடுத்தாள்.