அவர் மூச்சுக்கு ஒரு ஊர் கேட்டேன்

போன மார்கழியில ஒரு காலையில பல் தேய்க்கப் போன எங்க வீட்டுக்காரர், குழாயைப் பிடிச்சுக்கினு அப்படியே நின்னுட்டார். கூப்பிட்டேன், பதில் இல்ல. கிட்டப் போய்ப் பார்த்தா உதடு நாவல்பழம் துன்ன மாதிரி நிறம் மாறிக் கிடக்குது. மூச்சு உள்ள போகுது, வெளிய வர மாட்டேங்குது. அவர் கண்ணுல அன்னிக்குப் பார்த்த பயத்தை எங்க கல்யாணமான நாள்ல இருந்து நான் பார்த்ததில்ல.

அப்போ நாங்க குன்னூர் பக்கத்துல இருந்தோம். அவர் பேரு சுப்பிரமணி. சொந்த ஊர் நகரி. எனக்கு சத்தியவேடு பக்கம். ரெண்டும் ஆந்திராவுல, தமிழ்நாட்டு எல்லையோரம். கல்யாணமான புதுசுல வேலைக்காக மலை ஏறினவங்க நாங்க. தேயிலை ஃபேக்டரியில அவர் மெக்கானிக். காலம் பூரா அந்தத் தூள்லயே நின்னு வேலை செஞ்சவர். ரிட்டயர் ஆயிட்டா நிம்மதின்னு நெனச்சோம். வேலைதான் விட்டுச்சு, இருமல் விடல.

ஆஸ்பத்திரியில டாக்டர் எக்ஸ்ரே படத்தைத் தூக்கிப் பிடிச்சுப் பார்த்துட்டுச் சொன்னார். "நுரையீரல் ரொம்ப அடிபட்டிருக்கும்மா. இந்தக் குளிரும் பனியும் இவருக்கு இனிமே ஆகாது. கீழ எறங்கிடுங்க. வெயில் காயற ஊரா பாருங்க. புகையும் தூசியும் மட்டும் இருக்கக் கூடாது."

சொல்றது சுலபம். அப்படி ஒரு ஊர் எங்க இருக்குது? வீட்டுக்கு வந்து சாமி படத்துக்கு முன்னாடி உக்காந்து அழுதேன். தப்பான ஊருக்குக் கூட்டிக்கினு போயிட்டா அடுத்த மார்கழிக்கு இவர் இருக்க மாட்டார். அது ஒண்ணுதான் மனசுல ஓடிக்கினே இருந்துச்சு.

உங்ககிட்ட முதல்லயே ஒண்ணு சொல்லிடறேன். நான் யாரையும் சட்டுனு நம்பற மனுஷி இல்ல. கீரைக்கட்டைக்கூடப் பிரிச்சுப் பார்த்துத்தான் வாங்குவேன். அப்படிப்பட்டவளுக்குப் பெருமாள் எப்படிப் பதில் சொன்னார்னு கேளுங்க.

எங்க ஒரே பொண்ணு சென்னையில இருக்கா. "இங்க வந்துடுங்கம்மா"ன்னு கூப்பிட்டா. கடல்காத்து ஈரம் ஆகாதுன்னு டாக்டரே சொல்லிட்டார். எங்க வீட்டுக்காரர், "நம்ம பக்கத்து வெயிலுதான் வேதா எனக்கு மருந்து"ன்னார். தை மாசம் கீழ எறங்கி, திருப்பதியில ஒரு ரூம் எடுத்துத் தங்கிக்கினு வீடு தேட ஆரம்பிச்சோம்.

திருப்பதியிலயே இருந்துடலாம்னு அவருக்கு ஆசை. காலையில எழுந்தா மலை தெரியும். ஆனா எங்க பார்த்தாலும் பஸ்ஸும் ஆட்டோவும் விடற புகை. அவர் ஒரு தெருவைத் தாண்டறதுக்குள்ள மூக்கைப் பொத்திக்கினு நின்னார். சித்தூர் தாண்டி கங்காதர நெல்லூர் பக்கம் ஒரு வீடு பார்த்தோம். சுத்தியும் கரும்பு, குளுகுளுன்னு இருந்துச்சு. பகல்ல எல்லாம் சரி. சாயங்காலம் வெல்லம் காய்ச்சற அடுப்புப் புகை கிளம்பி வாசல் வரைக்கும் வந்துச்சு. வெல்ல வாசனை எனக்கு இனிச்சுது, அவருக்கு இருமல் வந்துச்சு. நகரிக்குப் போனா, அவர் பொறந்த தெருவுலயே வீட்டுக்கு வீடு விசைத்தறி, பஞ்சுத் தூசி.

அப்பத்தான் புத்தூர்ல இருந்து முனிரத்தினம் போன் பண்ணினார். எங்க வீட்டுக்காரரோட சித்தப்பா மகன். "அண்ணி, அண்ணனுக்குன்னே கட்டின மாதிரி ஒரு வூடு கெடைச்சிருக்குது. நாராயணவனம் போற பக்கம். காத்து அப்படி இருக்குது. உடனே வாங்க, வுட்டா போயிடும்."

'உடனே'ன்னு யாராவது சொன்னாலே எனக்குச் சந்தேகம் வந்துடும்.

போனோம். முனிரத்தினம் கூட்டிக்கினு போய்க் காட்டினது பச்சை கேட் போட்ட வீடு. பின்னாடி ஒரு சின்னக் குன்று. வீட்டு ஓனர் வயசானவர், வாசலுக்கே வந்து கும்பிட்டு வரவேற்றார். "மஞ்சி காலி அம்மா, மஞ்சி நீள்ளு"ன்னு தெலுங்குல சொன்னார். நல்ல காத்து, நல்ல தண்ணியாம். நாங்க கேக்கறதுக்கு முன்னாடியே அதைத்தான் முதல்ல சொன்னார். காத்தைப் பத்தி நாங்க ஒரு வார்த்தை பேசல. இவருக்கு எப்படித் தெரிஞ்சுது? முனிரத்தினம் சொல்லியிருப்பாருன்னு எங்க வீட்டுக்காரர் சொன்னார். இருக்கலாம்.

உள்ள சுவரெல்லாம் புதுப் பெயின்ட். பின்பக்க ஜன்னல் இடுக்கெல்லாம் டேப் ஒட்டி அடைச்சிருந்துச்சு. "கொசுவுக்கு"ன்னார். மொட்டை மாடியைப் பார்க்கணும்னேன். "சாவி காணோம்"னார். வெளிய வந்தா, கறிவேப்பிலை மரத்துல இருந்து தண்ணி சொட்டிக்கினு இருக்குது. அடி மண்ணுக்குத் தண்ணி ஊத்தினா சரி. இவர் மரத்தையே உச்சி வரைக்கும் குளிப்பாட்டி வெச்சிருந்தார். விருந்தாளி வர்ற அன்னிக்குக் கொழந்தைக்குத் தலை குளிப்பாட்டுவாங்க, மரத்தைக் குளிப்பாட்டுவாங்களா?

எதிர்வீட்டு அம்மாகிட்ட, "இங்க இருந்தவங்க ஏன் காலி பண்ணினாங்க?"ன்னு கேட்டேன். அவங்க முனிரத்தினத்தை ஒரு பார்வை பார்த்தாங்க. "தெலீதம்மா", தெரியாதுன்னு சொல்லிட்டு உள்ள போயிட்டாங்க.

திரும்பி வர்ற வழியில எங்க வீட்டுக்காரர் சந்தோஷமா இருந்தார். அன்னிக்கு அவர் இருமவே இல்ல. "வர்ற வெள்ளிக்கிழமை அட்வான்ஸ் குடுத்துடலாம்"னார்.

"எனக்கு அந்த வீட்டு மேல சந்தேகமா இருக்குதுங்க."

"எந்த வீட்டு மேல உனக்குச் சந்தேகம் இல்ல? பங்காளிய நம்பல, ஓனர நம்பல, கறிவேப்பிலையக் கூட நம்பல. எனக்கு அலைஞ்சு அலைஞ்சு போதும் வேதா. எங்கயாவது ஒரு எடத்துல உக்காரணும்."

கோவமா சொல்லியிருந்தா நான் பதிலுக்குப் பேசியிருப்பேன். அவர் களைச்சுப் போய்ச் சொன்னார். என் கையில ஆதாரம் ஒண்ணும் இல்ல. மனசுல மட்டும் முள்ளு மாதிரி ஒண்ணு.

அடுத்த நாள் தனியா நாராயணவனம் கோயிலுக்குப் போனேன். அங்க கல்யாணக் கோலத்துல நிக்கிற பெருமாள். புருஷன் பொண்டாட்டி கஷ்டத்தை வேற யார்கிட்ட சொல்றது? மனசுக்குள்ள வேண்டத்தான் நெனச்சேன். என்னை மீறி வாய் விட்டு வந்துடுச்சு.

"பெருமாளே, நான் யாரையும் நம்பல. உன்னை முழுசா நம்பறேனான்னு கூட எனக்குத் தெரியல. வீடு நல்லா இருக்கணும்னு கேக்கல. இவர் மூச்சு நிக்காம ஓடற எடம் எதுன்னு காட்டு. நான் நெனைக்கறது தப்புன்னா அதையும் காட்டு. வெள்ளிக்கிழமைக்குள்ள காட்டு."

அழுது முடிச்சு, பிரசாதம் வாங்கிக்கினு மண்டபத்துல உக்காந்தேன். என் வயசு இருக்காது, ஒரு பொம்பளை பக்கத்துல வந்து உக்காந்தா. "யக்கா, வூடு பாக்கறீங்களா?"ன்னு கேட்டா.

"உனக்கு யார் சொன்னது?"ன்னேன்.

"பச்சை கேட் வூடா?"ன்னு அவ திருப்பிக் கேட்டா.

நான் ஆமான்னும் சொல்லல, இல்லன்னும் சொல்லல. அவ குரலைத் தாழ்த்திக்கினு, "அங்க வராதீங்கக்கா. குன்னுக்குப் பின்னாடி கல்லு ஒடைக்கிற க்ரஷர் இருக்குது. மோட்டார் கெட்டுப் போயி நிக்குது. ரிப்பேர் ஆச்சுன்னா திரும்ப ஓடும்"னா. பேர் கேட்டேன். சொல்லாமலே எழுந்து போயிட்டா.

சந்தோஷப்பட்டேன்னு நெனைக்கறீங்களா? இல்ல. இவ யாரு? என் பின்னாடியே வந்தாளா? அந்த வீடு இவளுக்கே வேணுமா? ஓனர் மேல பகையா? பெருமாள் பதில் அனுப்பிட்டார். நான் அந்தப் பதிலையும் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கினு இருந்தேன்.

எங்க வீட்டுக்காரர்கிட்ட சொன்னேன். முனிரத்தினத்துக்குப் போன் போட்டார். "அது எப்பவோ மூடின க்ரஷர்ண்ணா. திரும்பத் தெறக்க மாட்டாங்க"ன்னு அவர் அடிச்சுச் சொன்னார். எங்க வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். "கேட்டியா?"

வெள்ளிக்கிழமை காலையில போனோம், முனிரத்தினமும் வந்திருந்தார். ஓனர் தட்டுல வெத்தலை பாக்கு வெச்சு ரெடியா இருந்தார். எங்க வீட்டுக்காரர் மரத்தடியில நின்னு அவரோட பேசிக்கினு இருந்தார். அட்வான்ஸ் பணம் என் கைப்பையில. நான் பையைத் தெறக்காம, வாசப்படியில நின்னு உள்ளுக்குள்ள பெருமாளைக் கூப்பிட்டுக்கினு இருந்தேன்.

தரை அதிர்ந்துச்சு.

கடகடன்னு ஒரு சத்தம். ஜன்னல் கண்ணாடி எல்லாம் நடுங்குது. குன்றுக்குப் பின்னாடி இருந்து வெள்ளையா ஒண்ணு எழும்பி, காத்து அடிச்ச பக்கம் சாஞ்சு, நேரா எங்களைப் பார்த்து வந்துச்சு. ஓனர் முகம் செத்துப் போச்சு. டேப்பும் பூட்டின மாடியும் கழுவின மரமும் இந்தத் தூசியை மறைக்கத்தான்னு அப்பப் புரிஞ்சுது. "ஏமி லேதம்மா, ஒண்ணும் இல்ல, ட்ரயல்தான், இப்ப நின்னுடும்"னார். நிக்கல. மாவு கொட்டின மாதிரி அந்தத் தூசி எங்க வீட்டுக்காரர் தலையில, தோள்ல எறங்குச்சு. அவர் இருமினார். மறுபடி இருமினார். அப்புறம் இருமக்கூட மூச்சு இல்லாம, மரத்தைக் கட்டிப் பிடிச்சுக்கினு சரிஞ்சார். குன்னூர்ல பார்த்த அதே உதடு.

இன்ஹேலரை அடிச்சேன். அடங்கல. "யாராவது வாங்களேன்"னு கத்தினேன். எதிர்வீட்டுக் கதவு தெறக்கல. தெருக்கோடியில இருந்து ஒருத்தி ஓடி வந்தா. கோயில்ல பார்த்த அதே பொம்பளை. ஈரத்துணியை என் கையில திணிச்சு, "மூக்குகிட்ட பிடிங்க, உள்ள கூட்டிக்கினு போங்க"ன்னு சொல்லிட்டு, குன்றுப் பக்கமா ஓடினா. புடவையைத் தூக்கிச் சொருகிக்கினு அந்த வெள்ளைத் தூசிக்குள்ளயே ஓடினா.

கொஞ்ச நேரத்துல சத்தம் நின்னுச்சு.

நான் கேட்ட அமைதியிலயே பெரிய அமைதி அதுதான். அந்த அமைதியில அவர் மூச்சு விசில் மாதிரி கேட்டுச்சு. கேட்டுச்சு, அது போதும். முனிரத்தினம் ஆட்டோ கொண்டு வந்தார். புத்தூர்ல முதல் வைத்தியம் பார்த்து, திருப்பதி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினாங்க. ஆக்சிஜன் வெச்சாங்க. மூணாம் நாள் மாஸ்கை எடுத்துட்டு அவர் பேசின முதல் பேச்சு இது. "வேதா, இனிமே நீ போலாம்னு சொன்னாத்தான் நான் செருப்பையே மாட்டுவேன்."

சிரிப்பும் அழுகையும் ஒண்ணா வந்துச்சு எனக்கு.

அந்தப் பொம்பளை பேரு ராஜம்மா. ஆஸ்பத்திரிக்கு இட்லி கட்டிக்கினு வந்தா. அவ வீட்டுக்காரர் அந்த க்ரஷர்லதான் மெஷின் ஓட்டிக்கினு இருந்தார். அவ போய் அவர் கையைப் பிடிச்சு மெஷினை நிறுத்த வெச்சிருக்கா. அதுக்காக அவருக்கு அன்னிக்கே வேலை போச்சு.

"யாருன்னே தெரியாத எங்களுக்காக ஏம்மா இப்படிப் பண்ணினே?"ன்னு கேட்டேன். அப்பக்கூட எனக்கு உள்ளுக்குள்ள ஒரு கேள்வி இருந்துச்சுங்க, பொய் சொல்ல மாட்டேன்.

அவ சொன்னா. "கோயில்ல உங்க பின்னாடிதான் நின்னுக்கினு இருந்தேன்க்கா. பச்சை கேட் வூட்டுல உங்கள மொத நாளே பார்த்திருந்தேன். 'இவர் மூச்சு நிக்காம ஓடற எடம் காட்டு'ன்னு அழுதீங்க பாருங்க. நானும் அதையேதான் வேண்டிக்கினு இருந்தேன். எங்க வூட்டுக்காரரும் அந்தத் தூசியத் துன்னு துன்னு இருமறாரு. வேலையை வுடுன்னா வுட மாட்டேங்கறாரு. இப்ப சாமியே வுட வெச்சிடுச்சு."

ரெண்டு பொண்டாட்டிங்க, ஒரே சந்நிதி, ஒரே வேண்டுதல். ரெண்டையும் பெருமாள் ஒரே வெள்ளிக்கிழமையில முடிச்சுக் குடுத்துட்டார்.

முனிரத்தினம் அப்புறம் வந்தார். "க்ரஷர் ஓடும்னு சத்தியமா தெரியாது அண்ணி"ன்னு கண் கலங்கினார். தெரியாதோ, தெரிஞ்சு சும்மா இருந்தாரோ, எனக்கு இன்னிக்கும் தெரியாது. காபி போட்டுக் குடுத்தேன். அந்தக் கேள்வியைப் பெருமாள்கிட்ட விட்டுட்டேன்.

இப்ப நாங்க நாராயணவனத்துலயே இருக்கறோம். ராஜம்மாவோட அம்மா வீட்டுப் பக்கத்துல ஒரு சின்ன ஓட்டு வீடு, க்ரஷர் தூசி எட்டாத தூரம். அதையும் நான் சும்மா ஒத்துக்கல. காலையில போனேன், உச்சி வெயில்ல போனேன், சாயங்காலம் போனேன். மாடி இல்லாத வீடு, அதனால ஏணி போட்டு ஓட்டு மேல தூசி படிஞ்சிருக்குதான்னு விரல் வெச்சுப் பார்த்தேன். ராஜம்மா கீழ நின்னு சிரிச்சா. அவ வீட்டுக்காரர் இப்ப மாம்பழக்கூழ் கம்பெனிக்குப் போறார், இருமல் கொறைஞ்சிருக்குது. சித்திரை வெயில் எல்லாரையும் வாட்டுச்சு. எங்க வீட்டுக்காரர் மட்டும், "இதுதாண்டி வெயிலு"ன்னு வாசல்ல நாற்காலி போட்டு உக்காந்துக்கினார். போன சனிக்கிழமை கோயில் பிராகாரத்தை எங்கயும் நிக்காம சுத்தி வந்தார்.

என்னை மாதிரி பயந்துக்கினு, எந்தப் பக்கம் போறதுன்னு தெரியாம இருக்கறவங்க இதைக் கேட்டுக்கினு இருப்பீங்க. சந்தேகப்படாதீங்கன்னு உங்களுக்கு நான் சொல்ல மாட்டேன். அந்தச் சந்தேகத்தைக் குடுத்ததும் பெருமாள்தான்னு இப்ப நம்பறேன். அதை உள்ளயே வெச்சுப் புழுங்காதீங்க. கொண்டு போய் அவர் காலடியில கொட்டுங்க. நம்பிக்கை போதலன்னா, போதலன்னே சொல்லுங்க. வெக்கப்படாம வாய் விட்டுக் கேளுங்க. பின்னாடி நிக்கறவங்க காதுல விழுந்தா விழட்டும்.