தலை கிள்ளிய கன்றுகள்

நமுனுகுல மலையில் எங்கள் வீட்டுக்கென்று ஓர் அடையாளம் உண்டு. தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்துக்கு மேலே, ஊற்றைச் சுற்றி நிற்கும் மரங்களில் முழங்கால் உயரத்திலேயே இரண்டாகவும் மூன்றாகவும் பிரிந்து நிற்பவை எல்லாம் அம்மா நட்டவை. அவை அப்படிப் பிரிந்ததற்குக் காரணம் நான். இதைப் பெருமையாகச் சொல்வதா, வெட்கத்தோடு சொல்வதா என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை.

தொண்ணூறுகளின் பிற்பாதி. நான் நாலாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தேன். லயத்தில் எல்லா வீட்டிலும் விறகடுப்புதான். விறகு இருந்தது காட்டில். காடு இருந்தது காவலில். ஞாயிற்றுக்கிழமையானால் பெண்கள் கயிறும் கத்தியுமாக மேலே ஏறுவார்கள். காவல்காரர் தலை தெரிந்தால் கட்டைப் போட்டுவிட்டு ஓடி வருவார்கள். ஓடத் தெரிந்தவர்கள் வீட்டில் அன்றைக்கு விறகு இல்லாவிட்டாலும் மானம் இருக்கும். அம்மாவுக்கு ஓடத் தெரியாது. ஒரு நாள் வழுக்கி விழுந்து பிடிபட்டாள். காவல்காரர் அவளைத் திட்டக்கூட இல்லை, கத்தியை மட்டும் வாங்கிக்கொண்டு போய்விட்டார். வீட்டுக்கு வந்து முழங்காலைக் கழுவியபடியே அம்மா அழுதாள்.

"செத்த குச்சியப் பொறுக்கப் போனவள கள்ளியாக்கிட்டாங்களே."

அப்பா கொழும்பில் ஒரு கடையில் வேலையாக இருந்ததால் அழுகையைக் கேட்க நான் மட்டும்தான் இருந்தேன்.

அடுத்த மாதம் காட்டைக் காக்கும் திட்டம் ஒன்று எங்கள் தோட்டத்துக்கு வந்தது. அதை நடத்திய அதிகாரி யாழ்ப்பாணத்துக்காரர். அவருடைய தமிழைக் கேட்டு நாங்கள் வாயைப் பொத்திச் சிரித்தோம், எங்கள் தமிழைக் கேட்டு அவர் என்ன நினைத்தாரோ தெரியாது. காடு சுருங்கினால் ஊற்று வற்றும், ஊற்று வற்றினால் நீங்கள் குடம் பிடிக்கும் பீலியில் தண்ணீர் வராது என்றார். அதற்காக உங்களை விரட்டிக்கொண்டே இருக்கவும் முடியாது என்றும் சொன்னார். லயத்துக்கும் காட்டுக்கும் நடுவில், ஊற்றைச் சுற்றி இருந்த வெறும் புல்வெளியில் வீட்டுக்கு நாற்பது காட்டுக் கன்றுகள் நட வேண்டும். ஒரு வருடத்தில் அவை இடுப்புக்கு மேல் வளர்ந்து நின்றால் அந்த வீட்டுக்கு ஒரு பாஸ். பாஸ் உள்ளவர்கள் ஞாயிறுதோறும் தலை நிமிர்ந்து காட்டுக்குள் போகலாம், விழுந்து காய்ந்த விறகைக் கட்டிக்கொண்டு வரலாம்.

அம்மா அந்தப் பாஸுக்காக உழைத்த மாதிரி தன் முழு நாள் பேர்ச் சம்பளத்துக்குக்கூட உழைத்ததில்லை. பகல் முழுக்கக் கொழுந்து பறித்துவிட்டு, வந்த கையோடு குடத்தைத் தூக்கிக்கொண்டு மேலே ஏறுவாள். காட்டு நாவல், காட்டுச் சண்பகம், பேர் தெரியாத இன்னும் சில. ஆடு வாய்வைக்காமல் சுற்றிலும் முள் வைத்தாள். பாஸ் கிடைத்ததும் விறகு கட்டுவதற்கென்று புதுக் கயிறு ஒன்றைச் சுவரில் மாட்டி வைத்திருந்தாள். வருகிறவர்கள் எல்லோரும் அதைப் பார்க்க வேண்டும் என்ற ஆசை அவளுக்கு இருந்தது.

நானும் உதவ நினைத்தேன். எல்லா வினையும் அங்கேதான் தொடங்கியது. பெரியம்மா தேயிலைக் கன்று வளர்க்கும் இடத்தில் வேலை செய்தாள். இளங்கன்றின் தலையைக் கிள்ளினால்தான் அது பக்கத்தில் கிளைவிட்டுப் படரும், கிள்ளாவிட்டால் நெட்டையாகப் போய் வீணாகும் என்று அவள் சொல்லக் கேட்டிருக்கிறேன். பக்கத்து வீட்டுக் கன்றுகள் எல்லாம் குச்சி குச்சியாக நின்றன. நம்முடையவை படர்ந்து நின்றால் அதிகாரி அசந்துபோவார் இல்லையா? ஒரு நாள் பள்ளிக்கூடம் விட்டதும் போய், முதல் வரிசைக் கன்றுகள் பத்தின் தலையையும் வெகு நேர்த்தியாகக் கிள்ளினேன். அதற்குள் மழை வந்துவிட்டது. மீதியை அப்புறம் பார்க்கலாம் என்று இறங்கி வந்து, மறந்தும் போனேன்.

வருடம் முடிந்து அதிகாரி வந்தார். லயமே திரண்டு பின்னால் போனது. மற்றவர்களின் கன்றுகள் அம்மாக்களின் இடுப்பைத் தாண்டி நின்றன. எங்கள் நாற்பதும் ஒரே மட்டத்தில், முழங்காலுக்குச் சற்று மேலே, மட்டம் வெட்டிய தேயிலை போல அகன்று நின்றன. பத்து அல்ல, நாற்பதும்.

"நாப்பதும் உயிரோட நிக்குது. ஆனா ஒண்டும் உயரேல்லையே. ஆர் அம்மா இதைக் கிள்ளினது?" என்றார் அதிகாரி.

"மொத வரிசைய நீங்க கிள்ளி வச்சதப் பாத்துட்டுத்தானுங்க ஐயா மிச்சத்த நான் கிள்ளுனேன்."

"நாங்கள் ஒருத்தரும் கைவைக்கேல்லை அம்மா."

அம்மா மெதுவாக என் பக்கம் திரும்பினாள். நான் என் கால் விரல்களை எண்ணிக்கொண்டிருந்தேன். அவளுக்கு அது போதுமாக இருந்தது.

"மறந்துட்டேனுங்க ஐயா. எல்லாம் நான் கிள்ளுனதுதான்."

"தேயிலை எண்டு நினைச்சிட்டியளோ?"

எல்லோரும் சிரித்தார்கள். அம்மாவும் கூடச் சேர்ந்து சிரித்தாள். அதிகாரி நல்லவர்தான். அடுத்த வருடம் பார்ப்போம் என்று எழுதிக்கொண்டு போனார். லயத்தில் பாஸ் கிடைக்காத ஒரே வீடு எங்களுடையது. அந்த வருடம் முழுக்க அம்மா தேயிலையைக் கவ்வாத்து வெட்டிய மலைகளுக்கு நடந்துபோய், வெட்டிப்போட்ட தேயிலைக் குச்சியான மிலாறு பொறுக்கிக் கட்டிக்கொண்டு வந்தாள். புதுக் கயிறு சுவரிலேயே தொங்கியது. அடிப்பாள் என்று நான் காத்திருந்து காத்திருந்து அலுத்துப்போனேன். அவள் ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்.

"இனி அதுகளத் தொடாத. போற வரைக்கும் போகட்டும்."

மறு வருடம் பாஸ் வந்தது. கன்றுகள் அம்மாவின் தலையைத் தாண்டிய நாளில் அவள் விறகுக் கட்டை இறக்கி வைத்துவிட்டு, அண்ணாந்து பார்த்தபடி வெகு நேரம் நின்றாள். எனக்குப் பசி. மரத்தில் அப்படி என்ன இருக்கிறது என்று அவள் சேலையைப் பிடித்து இழுத்தேன்.

பிறகு நான் அப்புத்தளையில் ஆசிரியையானேன். ஒரு விடுமுறைக்கு ஊருக்குப் போயிருந்தபோது, பல வருடங்களாகக் கைவிட்டுக் கிடந்த தேயிலை மலை ஒன்றின் வழியாக நடந்தேன். உள்ளே நுழைந்ததும் திகைத்துப்போனேன். இடுப்பளவு செடியாகவே நான் அறிந்திருந்த தேயிலை என் தலைக்கு மேலே கிளை பரப்பி, வெள்ளை வெள்ளையாகப் பூத்து, மரமாக நின்றது.

வீட்டுக்கு ஓடிவந்து, தேயிலையும் மரந்தான் என்று அம்மாவுக்குத் தெரியுமா என்று கேட்டேன். ஏதோ நான்தான் கண்டுபிடித்த மாதிரி.

"தெரியாம என்னா? முப்பது வருசமா அத வளர விடாம வச்சிருந்ததே நாங்கதான."

"அப்ப அந்தக் காட்டுக் கன்னுகளயும் ஏம்மா கிள்ளுன? அதெல்லாம் மரமாகணும்னுதான குடுத்தாங்க?"

அம்மா அடுப்பிலிருந்த விறகை உள்ளே தள்ளினாள்.

"தோட்டத்துல நம்மள நடச் சொன்ன எதையும் இதுவரைக்கும் வளர விட்டதில்லயே. மொத வரிசையக் கண்டதும், இதையும் விட மாட்டாங்கன்னு நெனச்சுக்கிட்டேன்."