குளிருக்கு ஒரு செண்ட்

அந்த மார்கழியில் கண்ணாடி மேசைமேல் இருந்த இரண்டு செண்ட் பாட்டில்களும் இன்னும் என் கண்ணில் நிற்கின்றன. ஒன்று வெண்ணிலா, மற்றது கேரமல். கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் ஒரு ஃபேன்சி ஸ்டோரில் நான் வளையல் விற்றேன். பக்கத்தில் செண்ட் விற்றவரை அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். 2008இல் வந்த ஒரு காய்ச்சலோடு அவருக்கு வாசனை தெரியாமல் போய்விட்டது. அது எனக்கு மட்டுமே தெரியும். புதுச் சரக்கு வந்தால், காலையில் ஒவ்வொன்றாக முகர்ந்து அவருக்குச் சொல்வேன். வெண்ணிலா, பால் கேக் வெட்டின மாதிரி. கேரமல், அதிரசப் பாகு லேசாக முறுகின மாதிரி. அதை மனப்பாடம் செய்துகொண்டு விற்பார்.

தினமும் சிதம்பரத்திலிருந்து பஸ்ஸில் வந்துபோன எனக்கு, எங்கள் மேல வீதியிலேயே ஒரு ஜவுளிக்கடையில் வேலை கிடைத்தது. சொன்னதும் அண்ணன் முகம் சுண்டிப்போனது.

"நீ போயிட்டா முதலாளி ஒரே நாள்ல கண்டுபுடிச்சிடுவாரும்மா. ரெண்டு பொண்ணுங்கள வச்சிருக்கேன்."

போகவில்லை. நல்ல மனுஷர், அவர்மேல் கோபப்படக்கூட முடியவில்லை. ஒரு வருஷம் கழித்து ஜவுளிக்கடையில் மறுபடி கூப்பிட்டார்கள், பொங்கலுக்குள் வரச்சொல்லி.

அப்போதுதான் கல்யாணமாகிக் கனடா போகவிருந்த ஒரு பெண் வந்தாள். "அங்க ஒரே குளிராம்ணே. கதவெல்லாம் சாத்தியே கெடக்குமாம். இதுல எது திகட்டாது?"

இது மனப்பாடத்தில் இல்லாத கேள்வி. முதலாளி கல்லாவில் இருந்தார். அண்ணன் என்னைப் பார்த்தார். மூடிய அறையில் கேரமல் தலைவலி கொடுக்கும் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் தலை குனிந்து வளையல்களை அடுக்கிக்கொண்டிருந்தேன். எப்படியாவது இது முடியட்டும் என்றிருந்தது.

அண்ணன் இரண்டையும் முகர்ந்தார். மறுபடி முகர்ந்தார். பாட்டில்களைக் கீழே வைத்தார்.

"எனக்கு வாசனையே தெரியாதும்மா. இவ்ளோ நாளா இந்தப் பொண்ணுதான் சொல்லிக்குடுத்துச்சு."

முதலாளி எழுந்து வந்தார். "இத முன்னாடியே சொல்றதுக்கென்ன? நாளைலேருந்து ஹேண்ட்பேக் விக்கற பக்கம் நில்லு" என்றார். அவ்வளவுதான். நாங்கள் இத்தனை நாள் பயந்தது இதற்குத்தான். அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைக் கையெடுத்துக் கும்பிட்டார்.

முதலாளி என் பக்கம் திரும்பினார். "செண்ட இனிமே நீ பாத்துக்கம்மா. உன்ன விட்டா எனக்கு வேற ஆள் ஏது?"

ஜவுளிக்கடை வேலையைப் பற்றி அப்போதே சொல்லியிருக்கலாம். கும்பிட்ட கையை அண்ணன் இன்னும் இறக்கவில்லை. வாய் திறக்காமல் அவரைக் கைவிட்டது வெட்கமாக இருந்தது.

"சரிங்க" என்றேன். 2012 வரை அந்தக் கவுண்டரில்தான் நின்றேன்.