மோட்டார்க்காரி செந்தமிழ்

"பொம்பள ராத்திரி மோட்டார் கொட்டகையில படுக்கறது நல்லா இல்லம்மா. இந்த மாசத்தோட வுட்டுடு" என்று குத்தகைக்காரர் புருஷோத்தமன் சொன்னபோது செந்தமிழுக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. பகலெல்லாம் வெயிலில் உப்பு வாரும்போது எந்தப் பொம்பளையும் அவர் கண்ணுக்குப் பொம்பளையாகத் தெரிந்ததில்லை.

மரக்காணம் உப்பளத்தில் அந்த மோட்டார்தான் பூமிக்கடியிலிருந்து உப்புத்தண்ணீரை இறைக்கிறது. அது நின்றால் பாத்தி காய்ந்து உப்பில் கசப்பு ஏறிவிடும். அதனால் ராவும் பகலும் காவல் வேண்டும். அந்த வேலையில் இருந்தவன் அவள் கணவன் மாயவன். அவன் மாரடைப்பில் போன பிறகு ஒரு வருஷமாக அவள்தான் பார்க்கிறாள், ஒரு பாத்திகூடக் காயவில்லை. இப்போது புருஷோத்தமனின் மச்சான் பிரபாகரன் வேலைவெட்டி இல்லாமல் திரிகிறான். ராத்திரி, பொம்பளை என்ற பேச்செல்லாம் அங்கிருந்து கிளம்பியதுதான். விட்டுக்கொடுத்தால் அவள் பழையபடி உப்புக்கூடை தூக்க வேண்டும். கூடை தூக்குவதில் கேவலம் ஒன்றுமில்லை. தன்னை எழுப்பிவிட்டு அவன் உட்காருவதைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை.

"நான் அங்க படுக்கல அண்ணே. மோட்டார் நின்னா அதுவே எனக்குச் சொல்லும். கூப்புடு தூரத்துலதான் வூடு, ஓடியாந்துடுவேன். ஒரு மாசம் பாருங்க. ஒரு வாட்டி நான் தவறுனாலும் வேலைய வுட்டுடறேன்."

"மோட்டார் பேசுமா?" என்று பிரபாகரன் சிரித்தான்.

"பேசும். உன்ன வுட கம்மியாதான் பேசும்."

ஒரு மாசத் தவணை கிடைத்தது. செந்தமிழ் பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் படித்தவள். ரெண்டு பேப்பர் பாக்கி இருக்கும்போதே கழுத்தில் தாலி ஏறிவிட்டது. மறந்ததையெல்லாம் வீடியோ பார்த்துத் தூசி தட்டினாள். உள்ளங்கையில் அடங்கும் வைஃபை போர்டு ஒன்று வாங்கி, மோட்டார் லைனோடு நீள ஒயரில் இணைத்தாள். கொட்டகையில் பழைய போனை ஹாட்ஸ்பாட்டாக வைத்தாள். இணையத்தில் அவள் வாடகைக்குப் பிடித்த சர்வர் கம்ப்யூட்டர் ஒன்று உண்டு. அதன் முகவரியையும் கதவு எண்ணையும் போர்டுக்குச் சொல்லிவிட்டால், அது தேடிப்போய்த் தட்டும். பாடத்தில் இந்த இணைப்புக்கு சாக்கெட் என்று பேர். கதவு திறந்ததும், லைனில் கரன்ட் உண்டா, மோட்டார் எவ்வளவு இழுக்கிறது என்று சொல்லிக்கொண்டே இருக்கும். மோட்டார் நின்றாலும் சரி, போர்டின் பேச்சு நின்றாலும் சரி, சர்வர் அவள் போனை அலறவைக்கும். ஆரம்பத்தில் லைன் ஒரு முறை அறுந்தால் போர்டு மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொண்டு சும்மா கிடந்தது. திறக்கும்வரை திரும்பத் திரும்பத் தட்டு என்று அதற்கும் கற்றுக்கொடுத்தாள். உப்புக்காற்று அரிக்காமலிருக்க, மாயவன் வாங்கித்தந்த நெயில் பாலிஷை எடுத்துப் போர்டில் பூசி டப்பாவில் அடைத்தாள். நகத்தில்தான் பூசக்கூடாது என்று ஊர் சொல்லியிருந்தது.

ஒரு காலையில் போன் அலறியது. போர்டிடமிருந்து பேச்சே இல்லை. ஓடிப்போய்ப் பார்த்தால் மோட்டார் ஜோராக ஓடுகிறது, போர்டைத்தான் காணோம். பிரபாகரனுக்கு வாயெல்லாம் பல்.

கூட வேலை செய்யும் அம்சவல்லி தயங்கித் தயங்கி வந்தாள். "நான்தான்டி டப்பாவோட உப்புக் குவியலுக்குள்ள பொதச்சு வெச்சேன். ஒயருதான் நீளமா இருக்குதே. திருடன் கண்ணுல படக்கூடாதுன்னு பாத்தேன். உப்புல வெச்ச பொருள் எதாச்சும் கெட்டிருக்குதா?"

செந்தமிழ் தலையில் கைவைத்தாள். ஈர உப்பைத் தாண்டி வைஃபை வெளியே வராது. "அது என்னா மீனாக்கா, கருவாடு போட?" என்று கத்தியவள் பாதியில் சிரித்துவிட்டாள். டப்பாவைத் துடைத்து, எல்லார் கண்ணிலும் படட்டும் என்று கூரை மூங்கிலில் உயரக் கட்டினாள். மோட்டார் நிற்கவில்லையே, தன் மேல் தவறில்லை என்றாள். புருஷோத்தமன் முனகிக்கொண்டே ஒத்துக்கொண்டார்.

மாசம் முடியப்போகும் நேரம். ஒரு மத்தியானம் ரேஷன் கடை வரிசையில் நிற்கும்போது போன் அலறியது. மோட்டார் நின்றுவிட்டது. ஆனால் லைனில் கரன்ட் இருந்தது. மோட்டார் திணறியிருந்தால் இழுப்பு எகிறியிருக்கும், அதுவும் எகிறவில்லை. அவளுக்குப் புரிந்துவிட்டது. வரிசையை விடாமலே புருஷோத்தமனைக் கூப்பிட்டாள்.

"அண்ணே, கரன்ட் இருக்குது. மோட்டார்லயும் கோளாறு இல்ல. யாரோ கைய வெச்சு நிறுத்தியிருக்காங்க. யாருன்னு நான் கேக்கல. போட்டுடுங்க."

அந்தப் பக்கம் பட்டென்று சுவிட்ச் சத்தமும் மோட்டார் உறுமலும் போனிலேயே கேட்டன.

"சும்மா பாத்தேம்மா" என்றார் புருஷோத்தமன்.

"பாத்துட்டீங்கல்ல? மோட்டார் எங்கிட்டயே இருக்கட்டும். உங்க மச்சானுக்கு வேலை வேணும்னா வரச்சொல்லுங்கண்ணே. என் உப்புக்கூடை சும்மாதான் கெடக்குது."