சிவப்பு அம்பு ஒட்டுகிறவள்

நான் தியானம் கற்றுக்கொள்ளப் போனது மன அமைதிக்காக அல்ல. ஓர் ஆளைப் பழிவாங்கத்தான் போனேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் யாரும் என்னை நல்லவள் என்று நினைத்து ஏமாற வேண்டாம்.

ஆம்பூருக்கு வெளியே ஹைவேயை ஒட்டி இருக்கும் ஒரு ஷூ கம்பெனியில் நான் செக்கர். பத்தொன்பது வருடமாக அதே மேசை, அதே டியூப் லைட். தைத்து முடித்த ஷூ என்னிடம் வரும். தோலில் முள் கீறல், உண்ணி கடித்த தழும்பு, தையல் விலகல், இடதுக்கும் வலதுக்கும் நிறம் ஒத்துவராமல் போவது, எது இருந்தாலும் அந்த இடத்தில் சின்னதாக ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்டி ரிப்பேருக்குத் தள்ளுவேன். என் கண்ணுக்குத் தப்பி ஒரு குறைகூடக் கண்டெய்னர் ஏறாது என்று லைனில் சொல்வார்கள். உண்மைதான். கொஞ்சம் திமிரோடுதான் இதை எழுதுகிறேன்.

எங்கள் கம்பெனியில் காலையில் கேட்டிலேயே போனை வாங்கி லாக்கரில் பூட்டிவிடுவார்கள். வீட்டில் அவசரம் என்றால் டைம் ஆபீஸுக்குத்தான் போன் வரும். அங்கிருக்கும் கிளார்க் ஒரு துண்டுச் சீட்டில் பெயர், சேதி, போன் வந்த நேரம் மூன்றையும் எழுதிச் சூப்பர்வைசரிடம் கொடுப்பார். சூப்பர்வைசர் அதை நம்மிடம் கொடுக்க வேண்டும்.

மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு மாலை, ஐந்து மணி பத்து நிமிடத்துக்கு, என் சூப்பர்வைசர் சட்டைப் பையிலிருந்து ஒரு சீட்டை எடுத்து என் மேசையில் வைத்தான். நான்காக மடித்திருந்தது. அப்பாவுக்கு ரொம்ப முடியவில்லை, வேலூர் ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம், உடனே வரவும். ஓரத்தில் நேரம் போட்டிருந்தது: பதினொன்று இருபது.

"இன்னா சார் இது, பதினொன்னு இருபதுன்னு போட்டிருக்கு?"

"இன்னிக்கு லோடு ஏறணும்மா. உன்னை அனுப்பிட்டா லைன் நின்னுடும். ஆஸ்பத்திரியில தானே இருக்காரு, டாக்டருங்க பாத்துக்க மாட்டாங்களா?"

பஸ் பிடித்து நான் வேலூர் போய்ச் சேர்ந்தபோது அப்பா இறந்து இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது. தம்பி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். "மூணு மணி வரைக்கும் பேசினாருக்கா. வந்துட்டாளா, வந்துட்டாளான்னு உன்னையே தான் கேட்டுக்கினு இருந்தாரு. நீ எங்கக்கா இருந்தே?" என்றான். சீட்டு நேரத்துக்கு வந்திருந்தால் ஒரு மணிக்கே அந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றிருப்பேன். அந்தக் கணக்கை நான் போடாத நாள் கிடையாது. முப்பது வருடம் தோல் பதனிடும் ஷாப்பில் சுண்ணாம்புத் தொட்டியில் நின்று என்னைப் படிக்க வைத்த மனிதர், கடைசியில் ஒரு வேனில் ஷூ ஏறுவதற்காக மகளைப் பார்க்காமல் போனார்.

அந்தச் சீட்டை நான் எறியவில்லை. பர்ஸில் வைத்துக்கொண்டேன்.

அதன் பிறகு அவனைப் பார்க்கும்போதெல்லாம் வயிறு எரியும். அவன் சாப்பிடுவதைப் பார்த்தால் எரியும், யாரிடமாவது சிரித்துப் பேசுவதைப் பார்த்தால் இன்னும் எரியும். என் கை நடுங்க ஆரம்பித்தது. ஸ்டிக்கர் இடம் மாறிப்போனது. ஒரே வாரத்தில் இரண்டு மெமோ. இரண்டாவது மெமோவை நீட்டியபோது அவன் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது. இவள் தானாகவே போய்விடுவாள் என்ற நிம்மதி. அன்றைக்கு முடிவு செய்தேன், முதலில் கையை நிறுத்த வேண்டும். அப்புறம் இவனை.

அப்பா காலத்திலேயே எங்கள் காலனியில் பாதி வீடுகள் புத்த நெறிக்கு வந்துவிட்டன. வீட்டில் புத்தர் படம் உண்டு, பௌர்ணமிக்கு மெழுகுவத்தி உண்டு. கண்ணை மூடி உட்காரும் பழக்கம் மட்டும் எங்களுக்குக் கிடையாது. காலனி ஹாலில் ஞாயிற்றுக்கிழமை தியான வகுப்பு என்று நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். நடத்தியவள் வேலூரில் நர்ஸ் வேலை பார்க்கும் பெண். என்னைவிடப் பதினைந்து வயது சின்னவள். பச்சைப் பாயை உதறிப் போட்டுவிட்டு, முதலில் பஞ்சசீலம் சொல்லச் சொன்னாள். உயிரைக் கொல்ல மாட்டேன், திருட மாட்டேன் என்று வரிசையாக வரும். நான்காவது, பொய் சொல்ல மாட்டேன். எல்லோரோடும் சேர்ந்து நானும் சத்தமாகச் சொன்னேன். சொல்வதற்கு என்ன வந்தது?

பிறகு மூச்சைக் கவனிக்க வேண்டும், நினைப்பு வந்தால் வந்தது என்று பார்த்துவிட்டு மூச்சுக்குத் திரும்ப வேண்டும். அரை மணி நேரம் கழித்து அவள் ஒவ்வொருவரையும் கேட்டாள். என் முறை வந்தது.

"நாப்பத்தியொரு தப்பு சிஸ்டர். எல்லாத்தையும் ரிஜெக்ட் பண்ணிட்டேன்."

அவளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "ரிஜெக்ட் பண்ண வேணாம்கா. எங்க இருக்குதுன்னு பாருங்க, அவ்ளோ தான்."

இத்தனை வருடமாகக் குறையைப் பார்த்தவுடன் தள்ளுவதற்குத்தான் எனக்குச் சம்பளம். சும்மா பார் என்றால் எப்படிப் பார்ப்பது? ஆனாலும் வாரா வாரம் போனேன். இரண்டே மாதத்தில் கை நின்றது. ஸ்டிக்கர் மறுபடியும் வைத்த இடத்தில் உட்கார்ந்தது.

மைத்ரி தியானம்தான் எனக்கு ஆகவில்லை. முதலில் நம்மை நலமாக இருக்கட்டும் என்று வாழ்த்த வேண்டும், பிறகு பிரியமான ஒருவரை, பிறகு முன்பின் பழக்கமில்லாத ஒருவரை. அப்பாவைச் சொன்னேன், தினமும் பார்க்கும் பஸ் கண்டக்டரைச் சொன்னேன். நான்காவதாக எதிரி. அந்த இடத்தில் அவன் வந்து சட்டைப் பையோடு நிற்பான். என் பல் இறுகிவிடும்.

"அவன் நல்லா இருக்கணும்னு சொல்லச் சொல்றீங்களே சிஸ்டர், அவன் நல்லா தான் இருக்கான். ஒரு கொறையும் இல்ல."

"வரலன்னா சொல்லாதீங்கக்கா. சும்மா உக்காருங்க. வராதத வந்த மாதிரி சொன்னா அதுவும் பொய் தான்."

ஒரு வருடம் சும்மாவே உட்கார்ந்தேன்.

அப்போதுதான் பையர் தரப்பிலிருந்து ஆடிட் வந்தது. வெளிநாட்டுக்காரன் நம் ஷூவை வாங்குவதற்கு முன்னால், இங்கே தொழிலாளிகளை ஒழுங்காக நடத்துகிறார்களா என்று ஆள் அனுப்பி விசாரிப்பான். லிஸ்டிலிருந்து அவர்களே பெயரைப் பொறுக்கி, ஒவ்வொருவராகத் தனி அறையில் கேட்பார்கள். அதற்கு முந்தின வாரம் கேன்டீனில் எங்களை நிற்க வைத்துச் சூப்பர்வைசர் பாடம் நடத்தினான். "போன் சேதி வந்தா உடனே குடுத்துடறாங்கன்னு சொல்லணும். புரியுதா?" எல்லோர் முகத்தையும் பார்த்துச் சொன்னவன், என் முகத்தை மட்டும் பார்க்கவில்லை.

என் திட்டம் தயார். சீட்டைக் காட்டுவேன். ஆனால் ஒரு சீட்டுக்காக அவன் வேலை போகாது, ஒரு கண்டிப்போடு முடிந்துவிடும் என்று எனக்குத் தெரியும். அவன் கோபத்தில் ரிஜெக்ட் ஷூவைத் தரையில் விட்டெறிவான். லைனே பார்த்திருக்கிறது. தரையில் என்பதை ஒரு பெண்ணின் முகத்தில் என்று மாற்றினால் போதும். கை நீட்டுகிறான் என்று பையருக்குத் தெரிந்தால் மறுநாளே அவன் கேட்டுக்கு வெளியே. அந்த ஞாயிறு அரை மணி நேரமும் கண்ணை மூடி இதைத்தான் ஒத்திகை பார்த்தேன். அவ்வளவு மன ஒருமைப்பாடு அதற்கு முன்பு எனக்கு வாய்த்ததே இல்லை.

என் பெயரும் லிஸ்டில் வந்தது. சென்னையிலிருந்து வந்த அம்மா, கண்ணாடி போட்டவர், கதவைச் சாத்தினார். நான் சீட்டை மேசையில் வைத்தேன். பதினொன்று இருபது, ஐந்து பத்து, அப்பா, மூன்றையும் சொன்னேன். எழுதிக்கொண்டே இருந்தவர் நிமிர்ந்தார்.

"வேற ஏதாவது? அடிக்கிறது, மேல எறியறது?"

தட்டில் வைத்து நீட்டுகிறார். நாக்கு நுனியில் வார்த்தை நிற்கிறது. மூக்கில் மூச்சு குளிர்ந்து ஏறுவதைக் கவனித்தேன், பழக்க தோஷம். அப்போதுதான் என் கையைப் பார்த்தேன். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஸ்டிக்கர் பிடித்ததுபோல ஒட்டிக்கொண்டிருந்தன. வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே செக்கருக்குச் சொல்லித்தருவது ஒன்றுதான். அம்பு குறையின் மேல்தான் உட்கார வேண்டும். அரை இஞ்ச் தள்ளி நல்ல தோலில் ஒட்டினால் ரிப்பேர்காரன் நல்ல தோலைத் தேய்த்துக் கெடுப்பான், குறை அப்படியே பெட்டிக்குள் போகும். முகத்தில் எறிந்தான் என்று சொன்னால் எல்லோரும் அதைத்தான் விசாரிப்பார்கள். எறியவில்லை என்று யாராவது ஒருத்தி சொன்னால், அப்பாவின் சீட்டும் சேர்ந்து பொய்யாகிவிடும்.

"திட்டுவாரு மேடம். ஷூவைத் தரையில எறிவாரு. ஆள் மேல எறிஞ்சதில்ல."

வெளியே வந்து பாத்ரூமில் நின்று அழுதேன். புத்தி கெட்டவளே என்று என்னையே திட்டி அழுதேன். கைக்குச் சிக்கினவனை நானே விட்டுவிட்டேனே!

அவன் வேலை போகவில்லை. மெமோ வந்தது, இந்த முறை அதை வாங்கிக் கையெழுத்துப் போட்டது அவன். கூடவே ஒரு விதியும் வந்தது. சேதிச் சீட்டைச் சூப்பர்வைசரே ஐந்து நிமிடத்துக்குள் நேரில் கொடுக்க வேண்டும், வாங்கியவர் நோட்டில் நேரம் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். டைம் ஆபீஸ் ஒரு கோடி, எங்கள் லைன் இன்னொரு கோடி. அவனுக்குத் தொப்பையும் முழங்கால் வலியும். சீட்டு வந்ததென்று டைம் ஆபீஸ் பெல் அடித்தால் அவன் ஓடிவருவதை லைனே கடிகாரத்தோடு பார்க்கும். நான் வேலையை நிறுத்திவிட்டுப் பார்ப்பேன். அதைவிட ருசியான பொழுது எனக்கு அந்தக் கம்பெனியில் இல்லை.

போன மழைக்காலத்தில் எனக்கே ஒரு சீட்டு வந்தது. பள்ளிக்கூடத்தில் மகள் படியில் விழுந்து கை உடைந்திருக்கிறது. போன் வந்தது இரண்டு ஐந்து. அவன் மூச்சு வாங்க என் மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றபோது இரண்டு எட்டு. நேரத்தை எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

"கேட்டுல ஆட்டோ சொல்லிட்டேம்மா, சீக்கிரம் போ" என்றான். பிறகு குரலை இறக்கி, "அன்னிக்கு உங்க அப்பா விஷயத்துல நான்..." என்று ஆரம்பித்தான்.

"கையெழுத்து போட்டுட்டேன் சார்" என்று நோட்டை அவன் கையில் திணித்துவிட்டு நடந்தேன். சொல்லி முடித்து அவன் மனம் இலேசாக வேண்டாம்.

ஆஸ்பத்திரியில் மகளுக்கு இன்னும் கட்டுப் போடவில்லை. என்னைப் பார்த்ததும் உதட்டைப் பிதுக்கி, "வந்துட்டியாம்மா" என்றாள். அப்பா கேட்டதற்கும் சேர்த்து அவள் தலையைப் பிடித்துக்கொண்டேன்.

அந்த ஞாயிறு எதிரியின் இடத்தில் வழக்கம்போல் அவன் வந்தான், மூச்சு வாங்கிக்கொண்டு. பல் இறுகவில்லை. நலமாக இருக்கட்டும் என்ற வார்த்தை முதல் முறையாக வாயில் வந்தது. வந்துவிட்டதே என்று எனக்கே எரிச்சல். ஆனால் பொய் சொல்லக் கூடாது, மனதில் இருந்த மிச்சத்தையும் சேர்த்தே சொன்னேன். அவன் நலமாக இருக்கட்டும். அவன் முழங்கால் நன்றாக இருக்கட்டும். நான் ரிட்டயர் ஆகும் நாள் வரை அவன் ஓடிக்கொண்டே இருக்கட்டும்.