என் மூஞ்சிதான் என் போர்டு

வீடு காட்டும் தொழிலில் முதலில் விற்றாக வேண்டியது வீட்டை இல்லை, நம்ம மூஞ்சியை. இந்தத் தொழிலில் இருக்கிறவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பூட்டின வீட்டு வாசலில் வெயிலில் நின்றிருப்பீர்கள். கிளம்பிட்டேன் என்று சொன்ன பார்ட்டி போனை எடுக்காது. பக்கத்து வீட்டுக்காரர் உங்களைத் திருடன் மாதிரி பார்ப்பார். பொம்பளையாக இருந்தால் அந்தப் பார்வை இன்னும் கொஞ்சம் நீளும்.

நான் கலைச்செல்வி. புதுச்சேரியில் முத்தியால்பேட்டைக்காரி. மில் வேலை போன பிறகு என் வீட்டுக்காரர் ரவி ஆட்டோ ஓட்டினார். நான் பத்திரம் எழுதுகிற ஒருவரிடம் டைப் அடித்தேன். அங்கே வருகிறவர்கள் "வாடகைக்கு எதுனா வீடு இருந்தா சொல்லும்மா" என்று கேட்டுக் கேட்டே என்னைப் புரோக்கர் ஆக்கிவிட்டார்கள். மற்ற புரோக்கர்கள் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து தொழில் செய்தார்கள். அந்த பெஞ்சில் எனக்கு இடமில்லை. பிரவுசிங் சென்டரில் இருந்தது. அது இரண்டாயிரத்து ஐந்து, ஆறு வாக்கில், செல்போனில் இன்டர்நெட் பார்க்க முடியாத காலம். ஒரு பிளாக் ஆரம்பித்தேன். படித்த பிள்ளைகள் எல்லாம் ஓடி ஓடிச் சேர்ந்துகொண்டிருந்த ஒரு நட்புத் தளத்திலும் ஒரு பக்கம் வைத்தேன். இரண்டுக்கும் ஒரே பேர், "புதுச்சேரி கலைச்செல்வி". மேலே என் போட்டோ, கீழே என் செல் நம்பர்.

பெஞ்சிலிருந்து வந்த புத்திமதி

போட்டோ போட்ட விஷயம் வீட்டுக்குத் தெரிந்ததும் மாமியார் என்னோடு பேச்சை நிறுத்தினார். கொழுந்தனார் வந்து, "அண்ணி, நம்ம குடும்பத்துல பொம்பளைங்க படம் கல்யாணப் பத்திரிகையிலகூட போட்டதில்ல" என்றார். ரவி மட்டும் போட்டோவை உற்றுப் பார்த்துவிட்டு, பச்சைப் புடவை இன்னும் நன்றாக இருந்திருக்கும் என்றார். அது போதுமாக இருந்தது எனக்கு.

அடுத்த வாரம் டீக்கடை பெஞ்சின் பெரிய தலை, தணிகாசலம் அண்ணன், ரோட்டில் என்னை நிறுத்தினார். இந்த ஊரில் அவர் கை படாமல் ஒரு வீடு கைமாறுவது கஷ்டம். பக்கத்தில் அவருடைய ஆட்கள் நின்றுகொண்டிருந்தார்கள். போட்டோவை எடுத்துவிடச் சொன்னார். எடுக்க மாட்டேன் என்றேன். "உங்க பேர் ஊருக்கே தெரியும்ணா. என் பேர் தெரியணும்னா நான்தானே சொல்லணும்" என்றேன். அவர் தோள் துண்டை ஒரு உதறு உதறிவிட்டுச் சொன்னார்: "வீட்டு போட்டோ போடு, வேணாம்னு சொல்லல. உன் போட்டோ எதுக்கும்மா, நீ இன்னா கல்யாண புரோக்கரா?"

தண்ணி நிக்கிற வீடு

பிளாக்கில் மற்றவர்கள் எழுதுகிற மாதிரி "காற்றோட்டமான, அமைதியான" என்று எழுதிப் பார்த்தேன். ஒருத்தரும் கூப்பிடவில்லை. எல்லா வீடும் காற்றோட்டமாக இருந்தால் எந்த வீட்டை எவன் நம்புவான்? அதனால் உள்ளதை எழுத ஆரம்பித்தேன். ஒரு மாடி போர்ஷனைப் பற்றி எழுதும்போது, பெருமழை பெய்தால் தெருவில் முழங்கால் வரைக்கும் தண்ணீர் நிற்கும், மாடிப்படியின் முதல் படி நனையும், அதற்கு மேல் ஏறாது, வண்டியை எதிர்வீட்டு மேட்டில் நிறுத்திக்கொள்ளலாம் என்று போட்டேன். மேட்டையும் போட்டோ எடுத்துப் போட்டேன்.

வீட்டுக்காரர் ரிட்டயர்டு வாத்தியார். யாரோ அதைப் பிரிண்ட் எடுத்து அவரிடம் கொடுத்துவிட்டார்கள். தாளைக் கையில் பிடித்தபடி என் வீட்டுக்கே வந்து, என் மானத்தை வாங்கிவிட்டாய், இப்பவே அழி என்றார். நான் அழிக்கவில்லை. "சார், மழை வந்தா குடிவர்றவங்களே பாத்துடுவாங்க. அன்னிக்கு உங்களையும் என்னையும் சேர்த்துத் திட்டுவாங்க" என்றேன். அவர் வீட்டை என்னிடமிருந்து எடுத்துத் தணிகாசலம் அண்ணனிடம் கொடுத்தார். அது அங்கேயும் காலியாகவே கிடந்தது.

பிறகு ஒரு நாள் நர்ஸாக வேலை பார்க்கிற ஒரு பெண் கூப்பிட்டார். எனக்கு அந்த வீடுதான் வேணும் என்றார். மழையில் தண்ணி நிற்கும் என்று எழுதியிருந்தேனே, படித்தீர்களா என்று கேட்டேன். அவர் சொன்னது: "படிச்சிட்டுதான் கூப்பிடறேன் மேடம். தண்ணியே வராதுன்னு எல்லாரும் சொன்னாங்க, எந்தப் படி வரைக்கும் வரும்னு நீங்க ஒருத்தர்தான் சொன்னீங்க."

தனியா வாங்க

செல் நம்பரைப் பொதுவில் போட்ட பொம்பளைகளுக்கு என்ன நடக்கும் என்று உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். வீட்டைப் பற்றி ஒரு கேள்வி, என்னைப் பற்றி ஒன்பது. ஒருத்தன் காலாப்பட்டுப் பக்கம் வீடு பார்க்க வேண்டும், நீங்கள் மட்டும் தனியாக வாருங்கள் என்றான். சரி என்றேன். ஆட்டோவில் போய் அவனையும் ஏற்றிக்கொண்டேன். கடற்கரைச் சாலையில் வண்டி போய்க்கொண்டிருக்கும்போது நான் டிரைவரிடம், "ஏங்க, சாயந்திரம் பாப்பாவை டியூஷன்ல விட்டுடுங்க, எனக்கு வேலை இருக்கு" என்றேன். ரவி திரும்பாமலே, "சரி, சாம்பார்ல உப்பு கம்மி இன்னிக்கு" என்றார். அந்த ஆள் வழியிலேயே இறங்கி, பஸ்ஸில் போய்க்கொள்கிறேன் என்று நடையைக் கட்டினான்.

போட்டோவை எடுத்துவிடலாம் என்று அன்றைக்கு ஒரு நிமிஷம் தோன்றியது. எடுத்தால் அவன் ஜெயித்த மாதிரி ஆகும். அதனால் நடந்ததை, அவன் பேரைச் சொல்லாமல், சாம்பார் வரைக்கும் விடாமல் பிளாக்கில் எழுதினேன். அதற்குப் பிறகு போனின் குரலே மாறிவிட்டது. மறுநாள் கூப்பிட்ட ஒருத்தர் வணக்கம்கூடச் சொல்லவில்லை: "மேடம், சத்தியமா எனக்கு வீடு மட்டும்தான் வேணும்."

பாரிஸிலிருந்து ஒரு பெரியவர்

எங்கள் ஊரில் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர்களின் குடும்பத்தைச் சொல்தா வீடு என்போம். அப்படி ஒரு வீட்டுப் பெரியவர் பாரிஸில் இருந்தார். பிளாக்கைப் படித்துவிட்டு, தமிழை இங்கிலீஷ் எழுத்தில் தட்டி, நடுவில் பிரெஞ்சையும் கலந்து ஒரு மெயில் போட்டார். பூர்வீக வீட்டை விற்கலாம் என்று யோசிக்கிறாராம். இங்கே தம்பி வருஷா வருஷம் சுண்ணாம்பு அடித்து நன்றாக வைத்திருக்கிறாராம். போய்ப் பார்த்துப் படம் எடுத்து அனுப்பச் சொன்னார்.

போனேன். சுவரில் அரசமரம் முளைத்திருந்தது. முன்கட்டில் யாரோ சைக்கிள் ரிப்பேர் கடை வைத்திருந்தார்கள். எடுத்ததை எடுத்தபடி அனுப்பினேன். ரொம்ப நாள் பதில் இல்லை. எனக்கு ஒரு பார்ட்டி போச்சு என்றுதான் நினைத்தேன். கடைசியில் போனிலேயே கூப்பிட்டுப் பிரெஞ்சில் நன்றி சொன்னார்: "மெர்சி மதாம். வீட்டை அப்புறம் விப்போம், மொதல்ல நான் என் தம்பியைப் பாக்க வரணும்."

இன்னொரு கலைச்செல்வி

ஒரு காலையில் பெரிய மார்க்கெட்டில் மீன் விற்கிற சுந்தரி அக்கா விசாரித்துக்கொண்டு என் வீட்டு வாசலில் வந்து நின்றார். வீராம்பட்டினத்துக்காரர். மீன் கூடையை இறக்கிவைக்காமலே, "நீதானே கலைச்செல்வி? என் மனையை எப்போ காட்டப் போற?" என்றார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவர் மகள் காலேஜில் படிக்கிறாள். அவள்தான் கம்ப்யூட்டரில் என் பக்கத்தைக் காட்டியிருக்கிறாள். காலாப்பட்டு போகிற வழியில் மனை, கலைச்செல்வி மேடத்தின் ஆள் என்று சொல்லி ஒருத்தன் வந்து முன்பணம் வாங்கிப் போயிருக்கிறான். பிறகு போனை எடுக்கவில்லை.

பிரவுசிங் சென்டருக்கு அவரையும் கூட்டிக்கொண்டு ஓடினேன். அதே நட்புத் தளத்தில் இன்னொரு "புதுச்சேரி கலைச்செல்வி" இருந்தாள். என் போட்டோ, என் எழுத்து. செல் நம்பர் மட்டும் வேறு. நான் நம்பிக்கை சேர்த்துவைத்த இடத்தில் எவனோ கடை போட்டிருந்தான். அது நான் இல்லை, ஏமாற்றுக்காரன் என்று சுந்தரி அக்காவிடம் சொல்லிப் புரியவைத்தேன். இரண்டு பேருமாகப் போய்ப் போலீசில் எழுதிக் கொடுத்தோம். திரும்பி வரும்போது அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். மெதுவாகச் சொன்னார்: "எனக்குப் படிக்கத் தெரியாது கண்ணு. உன் மூஞ்சியைப் பாத்துதான் நம்பனேன்."

மனை வாசலில் குடை

மாமியார் அன்றைக்குத்தான் மறுபடி பேசினார். சொன்னேனா இல்லையா, இப்பவாவது படத்தை எடு என்றார். ராத்திரி எல்லாம் யோசித்துவிட்டு, எடுக்காமல், இன்னொரு படம் போடுவதென்று முடிவுசெய்தேன். அந்த மனை எங்கே இருக்கிறது என்று சுந்தரி அக்கா மகள் மூலம் தெரிந்துகொண்டு நேரில் போனேன். முந்திரித் தோப்பை வெட்டிக் கல் நட்டிருந்தார்கள், அப்ரூவல் ஒன்றும் இல்லை. அந்தக் கல்லுக்குப் பக்கத்தில் நின்று ரவியைப் படம் எடுக்கச் சொன்னேன். "இது உண்மையான நான். இந்த மனையை நான் விற்கவில்லை. வாங்காதீர்கள்" என்று எழுதிப் பிளாக்கில் போட்டேன்.

சுந்தரி அக்கா மாதிரி பிளாக் படிக்காதவர்கள் என்ன செய்வார்கள்? அந்த ஏமாற்றுக்காரன் ஞாயிற்றுக்கிழமைகளில்தான் பார்ட்டிகளை மனை பார்க்க வரச்சொல்வான் என்று கேள்விப்பட்டேன். அதனால் ஞாயிறுதோறும் குடையும் தண்ணீர் பாட்டிலுமாக மண்பாதையின் முனையில் போய் நின்றேன். வருகிறவர்களிடம் என் மூஞ்சியைக் காட்டி, "போட்டோவில பாத்தீங்களே, அது நான்தான். என் பேரைச் சொல்லி ஏமாத்தறாங்க" என்றேன். பார்ட்டிகள் திரும்பிப் போனார்கள். ஒரு ஞாயிறு சுந்தரி அக்காவும் மகளோடு வந்து தூரத்தில் நின்று பார்த்துவிட்டுப் போனார். அந்த ஆளும் ஒரு நாள் வந்தான். வண்டியை என் காலை உரசுகிற மாதிரி நிறுத்தி, குடும்பம் குட்டி இருக்கிற பொம்பளை பார்த்து நடந்துகொள் என்றான். நான் நகரவில்லை. பயம் இல்லாமல் இல்லை. நகர்ந்தால் அந்தப் பேர் அவனுடையதாகிவிடும், அவ்வளவுதான்.

அடுத்த ஞாயிறு போனபோது அங்கே எனக்கு முன்னாலேயே தணிகாசலம் அண்ணன் நின்றுகொண்டிருந்தார். கூடவே டீக்கடை பெஞ்ச் மொத்தமும். இதெல்லாம் அவர் செய்கிற வேலையோ என்றுகூட நான் உள்ளுக்குள் சந்தேகப்பட்டிருந்தேன். அது அவருக்கும் தெரிந்திருந்தது. என் குடைக்குப் பக்கத்தில் தோள் துண்டை விரித்து உட்கார்ந்தபடி சொன்னார்: "அவன் என் ஆளு இல்ல. ஆனா இவனை இன்னிக்கி வுட்டா, நாளைக்கி என் பேர்ல விப்பான்."

நேரில் பார்த்தது

பார்ட்டி வராத மனையை வைத்துக்கொண்டு அவன் என்ன செய்வான்? தணிகாசலம் அண்ணன் நிலத்துக்காரரைத் தேடிப் பிடித்துப் பேச, போலீசும் கூப்பிட்டு விசாரிக்க, சுந்தரி அக்காவின் முன்பணம் திரும்பி வந்தது. போலிப் பக்கமும் ஒரு நாள் காணாமல் போனது. அதற்குப் பிறகு சுந்தரி அக்கா என் பக்கம் வரமாட்டார் என்றுதான் நினைத்தேன். மழைக்காலம் முடிந்ததும் வந்தார். ஒழுங்கான பத்திரம் உள்ள சின்ன இடம் ஒன்றைக் காட்டினேன். வடக்கே சாக்கடை, பக்கத்தில் கல்யாண மண்டபம், முகூர்த்த நாளில் தூக்கம் வராது என்று எல்லாக் குறையும் சொன்னேன். மகள் பத்திரத்தை வரி விடாமல் வாசித்தாள். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "வாங்கிக்கறேன். இந்தத் தடவை மூஞ்சியைப் பாக்கல, நீ வெயில்ல நின்னதைப் பாத்தேன்" என்றார்.

கம்பெனி மேனேஜர்

பேர் கொஞ்சம் பரவியதும் வெளியூரிலிருந்து ஒரு பெரிய பிளாட் கம்பெனியின் மேனேஜர் வந்தார். ஏசி அறையில் காபி கொடுத்து, எங்கள் பிளாட்டை உங்கள் பக்கத்தில் எழுதுங்கள், மாசம் பிறந்தால் சம்பளம் என்றார். கட்டடத்தைப் பார்த்துவிட்டு வந்து, லிப்ட் அடிக்கடி நிற்கிறது, பின்பக்க ஜன்னலைத் திறந்தால் குப்பைமேடு, இரண்டையும் சேர்த்துத்தான் எழுதுவேன் என்றேன். அதை மட்டும் விட்டுவிடலாமே என்றார். அப்படியென்றால் போட்டோவும் என்னுடையது வேண்டாம், உங்களுடையதைப் போட்டுக்கொள்ளுங்கள் என்று எழுந்துவிட்டேன். படி இறங்கும்போது பின்னாலிருந்து அவர் கேட்டது காதில் விழுந்தது: "இந்தம்மா வீடு விக்கிறாங்களா, வீட்டோட குத்தத்தை விக்கிறாங்களா?"

இன்றைக்கும் என் படத்துக்குக் கீழே என்னைத் திட்டி எழுதுகிறவர்கள் நிறைய, அவர்களில் பாதிப் பேர் திட்டி முடித்த கையோடு வாடகைக்கு வீடு இருக்கிறதா என்று கேட்பதால் நான் எதையும் அழிப்பதில்லை.