தலைக்கவசத்தில் அப்பா

சவூதியின் ஜுபைல் ஆலையில் எனக்குத் தந்த முதல் தலைக்கவசம் வெள்ளை. நெற்றிப் பக்கத்தில் கொட்டை எழுத்தில் என் பெயர், அதாவது பழைய சோவியத் நாட்டை ஆண்ட மீசைக்காரரின் பெயர். யாழ்ப்பாணத்தில் கட்சித் தோழராக இருந்த அப்பா ஆசையாக வைத்தது. எனக்கு மீசைதான் ஒழுங்காக முளைக்கவில்லையே தவிர, அந்தப் பெயரைச் சுமப்பதில் ஒரு குறையும் இருந்ததில்லை, லித்துவேனியாவிலிருந்து எங்கள் பாதுகாப்பு அதிகாரி வந்து சேரும் வரை.

முதல் நாளே அந்த அம்மா என் நெற்றியை வாசித்தார். முகம் வெளிறிப் போனார். கறுப்பு டேப்போடு திரும்பி வந்து, பெயரின் மேல் ஒட்டினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கசிகிற குழாயைத்தான் அப்படிச் சுற்றுவார்கள்! இருவருமாக மேலாளரிடம் போனோம்.

அங்கேதான் சொன்னார். அவருடைய அப்பா பிறந்தது சைபீரியாவில். குடும்பத்தையே மாடு ஏற்றும் ரயில் பெட்டியில் அங்கே அனுப்பியது அந்த மீசைக்காரரின் ஆட்சி. சென்னைக்காரரான மேலாளர் சிரித்தார். "கலாஸ், முடிந்தது மேடம். பழைய கதை. இப்போதுதான் ஐரோப்பாவோடு சேர்ந்துவிட்டீர்களே, இன்னும் என்ன?"

"சேர்ந்தது மறப்பதற்கு இல்லை. இன்னொரு தடவை எங்களை யாரும் ஏற்றிப் போகக் கூடாது என்று."

மேலாளர் என் பக்கம் திரும்பினார். "நீங்களாவது சொல்லுங்க தம்பி. சின்ன விஷயம்."

அந்த அம்மாமேல் இருந்த என் கோபம் மேசையைத் தாண்டி அவர்மேல் பாய்ந்தது. போரில் காணாமல் போன என் அண்ணனைத் தேடி எங்கள் அம்மா ஏறி இறங்கிய ஒவ்வொரு அலுவலகத்திலும் இதே பேச்சுத்தான்: பழைய கதை, றோட்டுப் போட்டாச்சு, ரயில் விட்டாச்சு, பிறகென்ன? பறிகொடுக்காதவனுக்கு எல்லாமே பழைய கதை. "எது அண்ணை சின்ன விசயம்?" என்று நான் மேசையில் அடித்ததில் அவருடைய தேநீர் கவிழ்ந்தது. என் வீரம் அவ்வளவுதான். உடனே நானே துடைத்தேன்.

வெளியே வந்ததும், "உன் அப்பாவின் பெயர் என்ன?" என்று அந்த அம்மா கேட்டார். டேப்பின் மேல் வெள்ளைப் பேனாவால் 'கந்தையா' என்று ஆங்கிலத்தில் எழுதினார். ஒப்பந்தம் முடிந்து அவர் ஊர் போகும் வரை, ஆலை முழுக்கக் கேட்கும்படி "மிஸ்டர் கந்தையா!" தான். அப்பா உயிரோடு இருந்திருந்தால் பூரித்திருப்பாரா, கட்சித் துரோகி என்று ஏசியிருப்பாரா, தெரியாது.

இந்த வாரம் புதுத் தலைக்கவசம் வந்திருக்கிறது, மீசைக்காரர் பளபளவென்று அச்சாகி. "அந்த அம்மாதான் இல்லையே, இனி எதற்கு டேப்?" என்கிறார் புதிய அதிகாரி.

அண்ணனும்தான் இல்லை, அதற்காக மறந்தா போனோம்? டேப்பைப் பல்லால் கிழித்து ஒட்டினேன். என் கையெழுத்து கோணல். கந்தையா என் நெற்றியில் கொஞ்சம் சரிந்தபடி நிற்கிறார்.